பதினேழு கோடு, நாற்பத்து மூன்று புள்ளி

தாயை இழந்த காட்டு விலங்கைக் கண்டால் குடிமக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்கி அரசாங்கம் ஒரு காகிதம் அனுப்பியிருந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசல் பலகையில் அதை ஒட்டியவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அமிர்தலிங்கம். அதன் மேல் எலி மருந்து எச்சரிக்கையை ஒட்டினார். அதன் மேல் பூச்சி மருந்து கொடுக்கும் தேதியை ஒட்டினார். அதற்கும் மேல் போன வருடத்துப் பந்து விளையாட்டுப் போட்டி. வருகிற சுற்றறிக்கைகளையெல்லாம் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதுதான் அவருக்கு வந்த உத்தரவு. கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

ஆகவே 1979 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பதினாலாம் நம்பர் மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவுக்கு அந்தக் காகிதம் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் தன்னைப் பற்றியதல்ல என்று விட்டிருப்பாள். அது குடிமக்களுக்கான காகிதம். அவள் குடிமகள் இல்லை. அவளிடம் இருந்தது சிவப்புக் கார்டு.

சிவப்புக் கார்டு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம், செத்துப்போகவும் தடையில்லை. இந்த நாட்டுக்காரி என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதற்கு நீலக் கார்டு வேண்டும். அம்மாக்கண்ணு பிறந்தது இதே தோட்டத்தில், ஆறாவது லயத்தில், மூன்றாவது வீட்டில். அந்தப் பிறப்பைப் பதிந்திருந்த புத்தகத்தை ஜப்பான்காரன் காலத்தில் யாரோ குளிருக்கு எரித்துவிட்டார்கள். கேமரன் மலைக் குளிர் தெரிந்தவர்கள் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் புத்தகம் இல்லாததால் அவள் பிறந்ததாகக் கொள்ள முடியாது என்று தானா ராத்தா ஆபீசில் மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வருடா வருடம் வேலைப் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். பெர்மிட் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். புருஷன் செத்து ஆறு வருடமாக அவள் தனியாள். நாலாவது மனு உள்ளே போயிருந்தது. அதில் ‘வழக்கு எதுவும் இல்லை’ என்ற கட்டத்தில் தைரியமாகக் கைநாட்டு வைத்திருந்தாள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

அன்றைக்குப் பனி இன்னும் விலகவில்லை. செடிகளுக்கு நடுவே விசில் சத்தம் கேட்டது. கங்காணி வீரப்பன் கூப்பிடுகிறார் என்று அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள். வேலை நேரத்தில் இவள் விசில் அடிக்கிறாள் என்று வீரப்பன் திட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. நாய் உயரம். கருத்த உடம்பு முழுக்க வெள்ளைக் கோடும் புள்ளியும். கால் முளைத்த தர்ப்பூசணி போல இருந்தது. மூக்கு மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கீழே தொங்கியது. அது அம்மாக்கண்ணு இடுப்பில் கட்டியிருந்த சாக்கை முகர்ந்து பார்த்தது, இன்னொரு விசில் அடித்தது, சாக்கின் நுனியை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது.

“பன்னிலா இது” என்றார் வீரப்பன்.

“பன்னிக்கு ஏதுங்க தும்பிக்கை?”

“அப்ப ஆனக்குட்டி.”

“ஆனைக்கு ஏதுங்க கோடு?”

அதற்குமேல் யோசிப்பது கங்காணி வேலையில் சேராது. அந்த விலங்கின் பெயர் தாப்பிர். தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. பதிவு செய்ய வந்த அதிகாரிக்கும் தெரியாது என்பது பிற்பாடு விளங்கியது. தாய் எங்கே என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி அடித்து, கீழ் வளைவில் ஒரு பெரிய உடம்பு கிடந்ததை வேலைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். முன்பக்கம் கருப்பு, முதுகும் வயிறும் வெள்ளை. மூக்கு இதே மூக்கு.

“கிராணிகிட்ட கொண்டு போ. எம் மலையில இது வேணாம்” என்று வீரப்பன் கையைக் கழுவினார்.

அமிர்தலிங்கம் பலகையிலிருந்து பந்து விளையாட்டை உரித்தார், பூச்சி மருந்தை உரித்தார், எலி மருந்தை உரித்தார். அடியில் இருந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மொத்தம் ஐந்து விதிகள்.

“ஒண்ணு. விலங்கைத் தொடக்கூடாது. தொட்டியா?”

“அதுதாங்கய்யா என்னைத் தொட்டுச்சு.”

“அதுக்கு இதுல இடமில்ல. ரெண்டு. தாய் திரும்பி வர்ற வரைக்கும் தூரத்துல மறைஞ்சு நின்னு காத்திருக்கணும்.”

“தாய் ரோட்டுல செத்துக் கிடக்குங்கய்யா.”

“மூணு. தாய் இறந்திருந்தா அதுக்கான அத்தாட்சியை இணைக்கணும். ரோட்டுல செத்தது ரோட்டு இலாகா பொறுப்பு. அவங்க இந்நேரம் பொதைச்சிருப்பாங்க. ‘அடையாளம் தெரியாத இடையூறு, ஒன்று’ன்னுதான் எழுதியிருப்பாங்க. அது இதோட தாய்னு அதுல இருக்காது. நாலு. எந்த உணவும் ஊட்டக் கூடாது. அஞ்சு. அதிகாரி வரும்போது விலங்கை உயிரோட ஒப்படைக்கணும்.”

“அதிகாரி எப்பங்கய்யா வருவாரு?”

“மனு போய்ச் சேர்ந்து மூணு வாரம், நாலு வாரம் ஆகும்.”

அம்மாக்கண்ணு குட்டியைப் பார்த்தாள். அது மேசைக் காலை நக்கிக்கொண்டிருந்தது. “ஊட்டாம இருந்தா செத்துருமேங்கய்யா?”

“செத்தா அஞ்சாவது விதியை மீறுன குத்தம்.”

“அப்ப ஊட்டட்டுங்களா?”

“ஊட்டினா நாலாவது விதி.” அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் சொந்தமாக ஒரு முடிவெடுக்க நேர்ந்தது அன்றைக்குத்தான். “ஊட்டு. எனக்குத் தெரியாது.”

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. லயத்தில் ராத்தங்குகிற எந்த உயிரும் லயன் லிஸ்டில் இருக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். வேலையாள் பெயர் ஒரு கட்டம், கூட இருப்பவர் பெயர் ஒரு கட்டம், உறவுமுறை ஒரு கட்டம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேறு புத்தகம் உண்டு. ஆனால் இது மாடுமில்லை ஆடுமில்லை.

“பேரு?”

அம்மாக்கண்ணு அதன் மூக்கைப் பார்த்தாள். “மூக்காயின்னு போடுங்க.”

“உறவு?”

“உறவுன்னு என்னத்தங்கய்யா சொல்றது.”

“உறவில்லாத ஆளை லயத்துல வைக்க துரை ஒத்துக்க மாட்டாரு. மகளா?”

“எனக்குப் புள்ளை இல்லைன்னு மனுவுல எழுதியாச்சுங்களே. பொய்யாயிடுமே.” கொஞ்சம் யோசித்தாள். “தங்கச்சின்னு போட்டுக்குங்க. கூடப்பொறந்தவங்க கட்டத்துல ஒண்ணும் எழுதல.”

அமிர்தலிங்கம் அழகான கையெழுத்தில் எழுதினார். தோட்ட நிர்வாகியான துரை பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எல்லாக் காகிதத்துக்கும் அவர் அப்படித்தான்.

தானா ராத்தாவில் இருந்த அந்த ஆபீசுக்கு ‘ஒருங்கிணைந்த பதிவு அலுவலகம்’ என்று பெயர். ஒருங்கிணைந்தது என்றால், ஒரே அறையில் இரண்டு ஜன்னல். இடது ஜன்னலில் விலங்குகளைப் பதிவார்கள், வலது ஜன்னலில் மனிதர்களைப் பதிவார்கள். இரண்டுக்கும் ஒரே அதிகாரிதான். ரெங்கசாமி என்பவர் காலையில் இடது ஜன்னலில் உட்காருவார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வலது ஜன்னலில் உட்காருவார். அம்மாக்கண்ணு ஒரே நாளில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று பஸ் ஏறிப் போனாள். காலையில் மூக்காயி மனுவைக் கொடுத்தாள். மத்தியானம் வலது ஜன்னலில் தன் மனு என்னாயிற்று என்று கேட்டாள்.

“யாரம்மா நீங்கள்?” என்றார் ரெங்கசாமி.

“காலையில பார்த்தீங்களேங்கய்யா. குட்டி விசயமா வந்தேனே.”

“காலையில் நீங்கள் பார்த்தது விலங்குப் பிரிவு அதிகாரியை. அந்தப் பிரிவில் நடந்தது இந்தப் பிரிவுக்குத் தெரியக் கூடாது. ரகசியக் காப்பு விதி.” ரெங்கசாமி மேடைத் தமிழில்தான் பேசுவார். பதவி உயர்வு வந்தால் கூட்டங்களில் பேச வேண்டியிருக்கும் என்று பதினெட்டு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் அவர் தோட்டத்துக்கு வந்தார். பழைய மாட்டுக் கொட்டகையில் சர்க்கரைவள்ளி இலை தின்றுகொண்டிருந்த மூக்காயியைத் தூரத்திலிருந்தே சுற்றிப் பார்த்தார். பாரத்தில் ‘இனம்’ என்ற கட்டம் இருந்தது. நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு ‘கோடு போட்ட விலங்கு’ என்று எழுதினார். பிறகு ஒரு பக்கத்துக் கோடுகளை எண்ணினார். பதினேழு. புள்ளிகளை மூன்று தடவை எண்ணினார். நாற்பத்து மூன்று. எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எண்ணக் கிடைத்த விலங்கு நல்ல விலங்கு என்பது அவர் கொள்கை.

“தலைமையகத்து உத்தரவு வரும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்று முதல் இது அரசாங்க விலங்கு. ஒரு புள்ளி குறைந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உத்தரவு ஐந்து மாதம் வரவில்லை. மூக்காயி அதற்காகக் காத்திருக்கவில்லை, வளர்ந்தது. தண்ணீர் கலந்த டின் பாலில் ஆரம்பித்து, மரவள்ளித் தழை, வாழைத்தண்டு, பக்கத்து வீட்டு வடிவம்மாள் வைத்திருந்த கீரைப்பாத்தி என்று ஒன்று பாக்கி விடாமல் தின்றது. காலையில் பசித்தால் விசில் அடித்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத்தான் விசில் ஊதிவிட்டார்கள் என்று ஜனங்கள் அரைமணி முன்னாலேயே ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். தோட்டத்தில் வேலைப் பற்று பெருகிவிட்டதாகத் துரை கோலாலம்பூருக்கு எழுதினார். சாயங்காலம் அம்மாக்கண்ணு தென்னங்குச்சி விளக்குமாற்றால் முதுகைத் தேய்த்துவிட்டால் மூக்காயி அப்படியே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். ஆறு வருடமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவள் இப்போது அதோடு பேசினாள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதை வெட்கப்படாமல் எல்லோரிடமும் சொன்னாள்.

தீபாவளிக்கு முன்பே கோடுகள் மங்கின. கார்த்திகையில் புள்ளிகள் போயின. தைப்பொங்கல் வாரத்தில் மூக்காயி தாய் மாதிரியே ஆகிவிட்டது. முன்பக்கம் கருப்பு, முதுகும் வயிறும் புதிதாக வெள்ளையடித்த சுவர் போல வெள்ளை. அந்த வாரம்தான் உத்தரவு வந்தது. தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி நேரில் வருகிறார். அதற்கு முந்தின நாள் சரிபார்க்க ரெங்கசாமி வந்தார்.

கொட்டகையை எட்டிப் பார்த்தவர் கோப்பைப் பார்த்தார். மறுபடி கொட்டகையைப் பார்த்தார்.

“அரசாங்க விலங்கு எங்கே?”

“இதுதாங்கய்யா. வளர்ந்துருச்சு.”

“கோப்பில் பதினேழு கோடு, நாற்பத்து மூன்று புள்ளி. இதில் கோடு சைபர், புள்ளி சைபர். அரசாங்க விலங்கைத் தொலைத்தது ஒரு வழக்கு. பதிவில்லாத வேறு விலங்கை வைத்திருப்பது இரண்டாவது வழக்கு.”

அம்மாக்கண்ணு மூக்காயிக்கு முன்னால் வந்து நின்றாள். வழக்கு என்ற சொல் விழுந்தால் நாலாவது மனு குப்பைக்குப் போகும், பெர்மிட் போகும், வீடு போகும், மூக்காயியை எந்தக் கூண்டிலோ போட்டுவிடுவார்கள். “ஐயா, அதோட தாயும் இப்படித்தாங்க இருந்துச்சு. கோடெல்லாம் சின்னதுலதான் போல. நம்ம புள்ளைங்களுக்குப் பால்பல்லு விழுந்து வேற பல்லு மொளைக்கலையா?”

“பிள்ளைகளைப் பதியும்போது நாங்கள் பல்லை எண்ணுவதில்லை. தாய் என்று நீங்கள் சொல்வதற்கும் அத்தாட்சி இல்லை.”

“அந்தப் பொஸ்தகத்துல கொஞ்சம் திருத்தி எழுதக்கூடாதுங்களா?”

ரெங்கசாமி நிமிர்ந்து நின்றார். கூட்டத்துக்கென்று பழகி வைத்திருந்த குரல் வெளியே வந்தது. “அம்மா, விலங்கு இன்று இருக்கும், நாளை சாகும். கோப்பு சாகாது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது அலமாரியில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் தவறு விலங்கின் பக்கம்தான். கோப்பில் ஒரு அடித்தல் திருத்தல் இருந்தால் என் பதவி உயர்வு நிற்கும். விலங்கில் அடித்தல் திருத்தல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?”

சொல்லி முடித்ததும் தான் சொன்னதைத் தானே கேட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாளைக் காலை பத்து மணிக்கு வருவோம். இந்த விலங்கு கோப்புக்கு ஒத்து இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.”

அம்மாக்கண்ணு நேரே வடிவம்மாளிடம் ஓடினாள். வடிவம்மாளும் சிவப்புக் கார்டுதான். கோலத்தில் அவளை மிஞ்ச ஆறு லயத்திலும் ஆளில்லை. ஒவ்வொரு வருடமும் மாரியம்மன் கோயில் வாசல் அவள் கையில்தான். பொங்கலுக்குக் கரைத்த காவி அரை வாளி மிச்சமிருந்தது.

காலை எட்டு மணிக்கு அமிர்தலிங்கம் கோப்பின் நகலோடு வந்து நின்றார். “முதுகு வெள்ளையா இருக்கு, காவி போடலாமா?” என்று வடிவம்மாள் கேட்டாள். அவர் நகலைப் புரட்டினார். கோட்டின் எண்ணிக்கைதான் எழுதியிருந்தது, நிறம் எழுதவில்லை. “போடு” என்றார். அம்மாக்கண்ணு விளக்குமாற்றால் கழுத்தைத் தேய்த்தாள், மூக்காயி சாய்ந்து படுத்தது, வடிவம்மாள் புள்ளி வைத்தாள். ஒன்று, இரண்டு என்று அமிர்தலிங்கம் எண்ணினார். நாற்பத்து மூன்று சரியாக வந்தது. “இனி கோடு பதினேழு, நெட்டையா, தனித்தனியா இழு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையிலிருந்த நகல் கீழே விழுந்தது. மூக்காயியின் முதுகில், நாற்பத்து மூன்று புள்ளியையும் வளைத்து வளைத்துச் சுற்றி, ஆரம்பமும் முடிவும் தெரியாத ஒரே இழையில் ஒரு சிக்குக் கோலம் இருந்தது. எட்டு மூலையிலும் தாமரை இதழ்.

“என்ன வடிவம்மா செஞ்சிருக்க!”

வடிவம்மாள் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். “புள்ளிய வச்சுட்டு சும்மா விட்டா மனசு கேக்கலலா. வீட்டுக்கு ஆகாது. கை அதும்பாட்டுக்குப் போயிருச்சுங்கய்யா.”

“பதினேழு கோடு எங்க?”

“ஒண்ணே ஒண்ணுதான். நீளமா இருக்குங்க.”

அழிக்கலாம் என்று தண்ணீர் கொண்டுவருவதற்குள் கார் சத்தம் கேட்டது. பெரிய அதிகாரி இறங்கினார். பின்னால் படம் பிடிப்பவர், அதற்குப் பின்னால் குடை பிடிப்பவர், கடைசியில் ரெங்கசாமி. மூக்காயி எழுந்து நின்று ஒரு விசில் அடித்தது. ரெங்கசாமி கோலத்தைப் பார்த்தார். கேமரன் மலைக் குளிரில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அம்மாக்கண்ணு மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெரிய அதிகாரி விலங்கைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். இன்னொரு வட்டம் வந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“ரெங்கசாமி, உமக்கு இது என்னவென்று தெரிகிறதா?”

“கோடு போட்ட விலங்கு, ஐயா.”

“தாப்பிர்! ஆனால் இப்படியொரு தாப்பிரை நான் முப்பது வருட உத்தியோகத்தில் கண்டதில்லை. நான் தாப்பிரையே இப்போதுதான் காண்கிறேன் என்பது வேறு விஷயம். என் வேலை அறைக்குள்.” காவிக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். “பாரும், இந்த வளைவை. இது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? வெளிநாட்டு விலங்குக்கு இப்படி வராது. இந்த மலை, இந்த மழை, இந்த மண், இவை தலைமுறை தலைமுறையாகத் தீட்டியது இது. இது வெளியிலிருந்து வந்தது என்று எவன் சொல்வான்? வந்தேறி என்பதற்கு இதன் உடம்பில் ஓர் அடையாளம் காட்டட்டும், நான் ராஜினாமா செய்கிறேன்.”

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தன் தாயிடம் அந்தக் கோலத்தைக் கற்றுக்கொண்ட வடிவம்மாள், வாளியை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய அதிகாரி அங்கேயே கார் முகப்பில் வைத்து ஒரு சான்றிதழ் எழுதினார். பெயர், மூக்காயி. பால், பெண். பிறந்த இடம், இம்மலை. அங்க அடையாளம், உடலில் பிறவிக் கோலம். எடை, நூற்றிருபது கிலோ. ‘மேற்கண்டவர் இந்நாட்டின் மண்ணில் பிறந்தவர் என்பதை நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.’ விலங்குகளுக்கான பாரம் தீர்ந்துபோயிருந்ததால், ரெங்கசாமியின் பையிலிருந்த வலது ஜன்னல் பாரத்தில் எழுதி முத்திரை குத்தினார். பூர்வீக விலங்கைப் பிறந்த இடத்திலிருந்து அகற்றக் கூடாது என்று உத்தரவும் போட்டார். சான்றிதழை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். அமிர்தலிங்கம் லயன் லிஸ்டைப் பார்த்து அம்மாக்கண்ணுவைக் காட்டினார்.

கார் திரும்பின கையோடு மழை பிடித்துக்கொண்டது. மூக்காயி ஓடைக்குப் போய் மூழ்கி எழுந்தபோது அந்த அபூர்வ வகை உலகத்திலிருந்து அற்றுப்போயிருந்தது.

அதன் பிறகு மூக்காயி கொட்டகைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை. மாசி முடிவதற்குள் வருவதே நின்றுபோனது. அம்மாக்கண்ணு இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. காட்டு உயிர் காட்டுக்குப் போனதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று வீரப்பன் கேட்டார். அழுவதற்குத்தான் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டு அழுதாள். லயன் லிஸ்டில் பெயரை அடித்துவிடச் சொன்னபோது, செத்தாலோ கல்யாணமானாலோதான் அடிக்க முடியும், காட்டுக்குப் போனால் அடிக்க விதியில்லை என்றார் அமிர்தலிங்கம்.

பங்குனியில் நாலாவது மனுவின் விசாரணைக்குக் கடிதம் வந்தது. பகல் இரண்டு மணி, வலது ஜன்னல். கேட்ட காகிதம் எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ரெங்கசாமி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

“பிறப்புப் பதிவு இல்லை. ஆகவே வழக்கம்போல...” என்று முத்திரையைக் கையில் எடுத்தவர், அவள் கொண்டுவந்து கொடுத்த லயன் லிஸ்டைப் பார்த்து நின்றார். “உங்களுக்குத் தங்கை இருக்கிறாரா?”

“இருக்குங்க. ஆனா அது வந்து...”

“தங்கை இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி உண்டா? விதி பதினொன்று. உடன்பிறந்தவரின் அத்தாட்சி இருந்தால் மனுதாரருக்கும் அது போதும்.”

“அப்படி ஒரு விதி இருக்குங்களா? மூணு தடவை வந்தேனே, சொல்லலையே?”

“நீங்கள் கேட்கவில்லை.”

அவள் பையில் கையை விட்டாள். சான்றிதழை எடுத்து நீட்டினாள். பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. “ஐயா, இது மூக்காயிங்க. நீங்கதாங்க பதிஞ்சீங்க. காலையில அந்த ஜன்னல்ல...”

“அந்த ஜன்னலைப் பற்றி இங்கே பேசக் கூடாது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன்” என்று ரெங்கசாமி அதட்டினார். சான்றிதழைப் பிரித்தார். அடியில் இருந்த கையெழுத்தைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே படித்தார்.

“உடலில் கோலம் என்று இருக்கிறது. பச்சை குத்தியதா?”

“காவிங்கய்யா.”

“நூற்றிருபது கிலோ. கொஞ்சம் கனத்த உடம்பு.”

“இலைதழைதாங்க சாப்பிடும்.”

‘சைவம்’ என்று அவர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். “தங்கை இப்போது எங்கே?”

“காட்டுல இருக்குங்க.”

“மரம் வெட்டும் வேலையா? சரி.” லயன் லிஸ்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் மூக்காயி, அதிலும் மூக்காயி. இதில் பெண், அதிலும் பெண். ஒரு புள்ளி பிசகவில்லை. அவர் முகத்தில் புள்ளி எண்ணிய அன்றைக்குப் போலவே ஒரு நிம்மதி பரவியது. “அம்மா, பதினெட்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோப்பு என் கைக்கு வந்ததில்லை. உங்களைப் போன்றவர்கள்தான் இந்த நாட்டுக்குத் தேவை.”

சித்திரையில் நீலக் கார்டு வந்தது.

அம்மாக்கண்ணு அதைக் கொண்டுபோய் வடிவம்மாளிடம் காட்டினாள். வடிவம்மாள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள், கொஞ்சம் பொறாமையும் பட்டாள். “எனக்கும் ஒரு தங்கச்சி கெடைக்குமாலா?” என்றாள். அந்தப் பேச்சு ஆறு லயத்துக்கும் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. தோட்டத்தில் சிவப்புக் கார்டு மொத்தம் முப்பத்தொன்று. மறுநாள் அமிர்தலிங்கம் பலகைக்குப் போய் எல்லாக் காகிதத்தையும் உரித்து, தாயை இழந்த காட்டு விலங்கைக் கண்டால் குடிமக்கள் என்ன செய்ய வேண்டும் என்ற காகிதத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினார். ‘குடிமக்கள்’ என்பதற்குப் பக்கத்தில் ‘மற்றும் ஆக விரும்புவோர்’ என்று சிவப்பு மையால் எழுதினார். அவர் எடுத்த இரண்டாவது சொந்த முடிவு அது.

அடுத்த திங்கட்கிழமை பதினாலாம் நம்பர் மலையில் பனி இன்னும் விலகவில்லை. கொழுந்து கிள்ள வந்தவர்கள் பாதிப் பேர் கிள்ளாமல், குனிந்து செடிக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது காட்டோரத்திலிருந்து ஒரு நீண்ட விசில் வந்தது.

“எவன்டா அவன், வேலை நேரத்துல விசில் அடிக்கிறது?” என்று வீரப்பன் கத்தினார்.

அம்மாக்கண்ணு கூடையைக் கீழே இறக்கினாள். விரலை வாயில் வைத்து, கங்காணி காது கிழியும்படி, பதிலுக்கு ஒரு விசில் அடித்தாள்.

“எங்கூடப் பொறந்தவங்க. சந்தேகமா இருந்தா ஆபீசுல போய்க் கேளுங்க” என்றாள்.